பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாலப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர்.)

போன இதழில், பாலத்தின் மேலே காரில் போய்விட்டு "பரிசோதித்தாயிற்று" என்று எழுதுகிறவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். தோணி பிடித்துக் கீழே போகாமல் பாலம் பார்க்க முடியாது என்பது என் கட்சி. அதன் விளைவாக இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே பாலக் கடிதங்கள். சரி, ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

ஐயா, எங்கள் பழைய கல்லடிப் பாலத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. எங்கு பார்த்தாலும் கறள். பிள்ளைகளோடு நடந்து போகவே பயமாக இருக்கிறது. இதைக் கழற்றிவிடுவதுதானே நல்லது?
– ஓர் ஆசிரியை, கல்லடி

டீச்சர், வயதை மட்டும் வைத்து இரும்புப் பாலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஸ்கொட்லாந்தில் ஃபோர்த் றெயில் பாலம் 1890இல் திறந்தது, இன்றைக்கும் றெயில் ஓடுகிறது. நம்முடைய பாலம் 1924இல், அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 'லேடி மனிங் பாலம்' என்று திறந்தது. அன்று அதைக் கணக்குப் போட்டவர்கள் மனதில் மாட்டுவண்டியும் சின்ன லொறியும்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் பஸ், லொறி, இராணுவ வாகனம் எல்லாவற்றையும் ஒற்றை வழியில் சுமந்தது. 2013இல் பக்கத்திலே புதிய பாலம் வந்தபிறகு பாரம் குறைந்துவிட்டது. ஆட்கள் நடப்பதற்கு அதன் உடம்பில் இன்னும் பலம் மிச்சம் இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதை அளந்து பார்த்துத்தான் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

கறளைப் பற்றி ஒரு விசயம். கண்ணுக்குத் தெரியும் செந்நிறத் தூள் பெரும்பாலும் மேல்தோல்தான். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கீழே நல்ல இரும்பு இருக்கும். நான் பயப்படுவது மூன்று இடங்களுக்கு. முதலாவது, கீழ்ச் சட்டங்கள் வந்து கூடுகிற மூலைகள். அங்கே மணலும் சருகும் காக எச்சமும் சேர்ந்து, மாரி முடிந்த பிறகும் ஈரம் காயாமல் கிடக்கும். இரண்டாவது, ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரு தகடுகளுக்கு இடைப்பட்ட சந்து. உள்ளே புகுந்த உப்புநீர் அங்கேயே கறளாகி ஊதும். இரும்பு கறளானால் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பருத்துவிடும். தடித்த தகட்டையே வளைத்துத் தள்ளுகிற பலம் அதற்கு உண்டு. மூன்றாவது, பாலம் தூணில் வந்து உட்காரும் முனை.

தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளை (ரிவெட்) பார்க்கும் விதம் எளிது. ஆணித் தலையின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமான ஆணி கணீரென்று சொல்லும், தளர்ந்த ஆணி விரலில் துள்ளும். தலைக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி கறள் கோடு இருந்தால் தட்டவே தேவையில்லை.

தறையாணிப் பாலத்துக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. ஒரு சட்டம் பல தகடுகள் சேர்ந்தது. ஒரு தகட்டில் வெடிப்பு வந்தால் அது பக்கத்துத் தகட்டுக்கு நேராகத் தாவாது, நமக்கு அவகாசம் கிடைக்கும். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றுக்கு மேலே இருந்த சில்வர் பாலத்தில் அந்த அவகாசம் இருக்கவில்லை. அங்கே தொங்கு சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே இரண்டு இரும்புப் பட்டைகள். 1967 டிசம்பரில் ஒரு பட்டையின் துளையோரம் இருந்த சின்ன வெடிப்பு முற்றி, பட்டை அறுந்து, முழுப் பாலமும் ஆற்றுக்குள் போனது. 46 பேர் இறந்தார்கள். இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை பாலங்களைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்த நாட்டில் அதற்குப் பிறகுதான் வந்தது.

கழற்றுவதா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஆனால் பூச்சுப் பூசாமல் 'மரபுரிமை' என்று பலகை மட்டும் நட்டு வைப்பதென்றால், அதைவிடக் கழற்றுவது மேல்.

சேர், ஓட்டமாவடியில் முந்தி பஸ்ஸும் றெயிலும் ஒரே பாலத்தால்தான் போகும். 2010இல் வீதிக்குத் தனிப் பாலம் கட்டினார்கள். இப்போதும் பழைய பாலத்தில் ஏறும்போது றெயில் மெதுவாகப் போகிறதே, ஏன்? றெயிலா லொறியா பாலத்துக்குக் கூடக் கேடு?
– வங்கி ஊழியர், ஓட்டமாவடி

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். றெயில் பாரம்தான், ஆனால் அந்தப் பாரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். உதயதேவியின் எஞ்சின் எத்தனை தொன், ஒரு அச்சுக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். லொறி அப்படியில்லை. பத்திரத்தில் ஒரு பாரம், பெட்டிக்குள் வேறொரு பாரம்.

இரும்பு களைப்படைகிற விதம் மோசமானது. ஒரே தடவை தாங்க முடியாத பாரம் ஏறி முறிவது வேறு. தாங்கக்கூடிய பாரமே இலட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கி, எங்கோ ஒரு துளையோரத்தில் மயிரிழை வெடிப்பை உண்டாக்குவது வேறு. இந்த இரண்டாவது கணக்கில், ஏறி இறங்கும் தகைப்பு (பாரத்தால் இரும்புக்குள் உண்டாகும் அழுத்தம்) இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய டிப்பர் ஒன்று, ஒழுங்காகப் போகும் பல வாகனங்கள் செய்கிற தேய்மானத்தைத் தனியாகச் செய்துவிடும்.

மெதுவாகப் போவதற்குக் காரணம் அதிர்வு. மண்கட்டில் ஓடிவந்த சக்கரம் பாலத்தின் முனையில் ஏறும்போது, மெத்தென்ற இடத்திலிருந்து விறைத்த இடத்துக்கு வருகிறது. கட்டு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் அடி விழும். வேகம் கூடினால் அடியும் கூடும். நீராவி எஞ்சின் காலத்தில் இது இன்னும் மோசம். சக்கரத்தில் இருந்த எதிர்நிறை ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தைச் சம்மட்டி மாதிரி அடிக்கும். 1950களில் டீசல் எஞ்சின் வந்தது நம் நாட்டுப் பழைய பாலங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

வெடிப்பைக் கண்டால் நாங்கள் செய்கிற முதல் வேலை, அதன் இரண்டு நுனியிலும் கோடு போட்டுத் திகதி எழுதுவது. அடுத்த முறை போகும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். தாண்டாவிட்டால் கொஞ்சம் நிம்மதி. தாண்டியிருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

புதுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது டக், டக் என்று இடைவெளிகள் தட்டுகின்றனவே. ஒரேயடியாகத் தார் போட்டு மூடிவிட்டால் என்ன?
– உயர்தர மாணவன், ஆரையம்பதி

மகன், தயவுசெய்து இந்த யோசனையை யாரிடமும் சொல்லிவிடாதே. சொல்லாமலே பல இடத்தில் மூடிவிட்டார்கள்.

வெயிலில் இரும்பும் கொங்கிறீட்டும் நீளும். நூறு மீற்றர் இரும்பு, இருபது பாகை சூடு ஏறினால் 24 மில்லிமீற்றர் நீளும். கொங்கிறீட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கல்லடிப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 290 மீற்றர். இருபது பாகைக்கே மொத்தமாக ஏழு சதமமீற்றர் அசைவுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நீ 'டக்' என்று கேட்கிறாய். இடம் கொடுக்காவிட்டால் பாலம் தூணைத் தள்ளும், அல்லது தன் முனையைத் தானே நசுக்கும்.

ஆனால் உன் கேள்விக்குள் இன்னொரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ரப்பர்ப் பட்டை ஒன்று இருக்க வேண்டும். அது கிழிந்தால் மழைநீர் நேராகக் கீழே, தூணின் தலையில் விழும். அங்கேதான் பாலத்தைத் தாங்கும் ரப்பர்த் திண்டுகள் இருக்கின்றன. அங்கேதான் மண் சேர்ந்து புல்லும் முளைக்கும். பல பாலங்களில் தூணின் தலைதான் முதலில் பழுதாகும், காரணம் மேலே கிழிந்த பட்டை. ரப்பர் பட்டையின் விலை ஒரு பக்கம், அதை மாற்றாததால் வருகிற தூண் வேலையின் செலவு மறுபக்கம் என்று எத்தனையோ அறிக்கை எழுதினேன். பட்டைக்குக் காசு கிடைக்காது, தூணுக்குக் கிடைக்கும். இதை எனக்கு விளக்கிய மேலதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

வடிகால் துளையும் அப்படித்தான். பாலத்தின் ஓரத்தில் கையளவு ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பாய். மணல் அடைத்துக் கிடந்தால் ஒரு கம்பியால் குத்திவிடு. உன்னால் செய்யக்கூடிய பாலப் பராமரிப்பு அது.

சேர், கடல் மணலில் கொங்கிறீட் போட்டால் கம்பி கறள் பிடிக்கும் என்கிறார்கள். நல்ல மணலில் போட்ட பாலமும் கடற்கரையில் வெடிக்கிறதே?
– மேசன் ஒருவர், காத்தான்குடி

காக்கா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல கொங்கிறீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரம் கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்றைக் கட்டிவிடும். கம்பி கறள் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். அதை உடைக்க இரண்டு வழி. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கலாம். அல்லது உப்பு உள்ளே போகலாம். கடல் மணலைக் கழுவாமல் போட்டால் உப்பை நாமே கையால் கலந்துவிட்டோம். நல்ல மணல் போட்டாலும், வாவியின் உப்புநீர் தெறித்துக் காய்ந்து தெறித்துக் காய்ந்து வெளியிலிருந்து உப்பு ஏறும். அதனால்தான் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதி முதலில் போகிறது. தண்ணீருக்குள் ஒட்சிசன் போதாது. மேலே உப்பும் உண்டு, காற்றும் உண்டு.

காரம் எவ்வளவு ஆழம்வரை குறைந்துவிட்டது என்று பார்க்க, உடைத்த புது முகத்தில் பினோத்தலின் தெளிப்போம். பள்ளிக்கூட இரசாயன ஆய்வுகூடத்தில் இருக்கும் அதே திரவம்தான். நல்ல இடம் கடும் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. உப்பை இது காட்டாது, அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மிச்சமெல்லாம் உங்கள் கையில். கம்பிக்கு வெளியே எவ்வளவு கொங்கிறீட் இருக்கிறது என்பதுதான் ஆயுள். வீட்டுக்கு 25 மில்லிமீற்றர் போதும் என்றால், உப்புநீர்ப் பாலத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு, சில இடத்தில் மூன்று மடங்கு வேண்டும். கம்பிக்குக் கீழே வைக்கும் சீமெந்துக் கட்டையை மறந்துவிட்டு, அவசரத்தில் கல்துண்டை வைத்தால் அந்த இடத்தில்தான் முதல் வெடிப்பு. நீராற்றுவதும் (புதுக் கொங்கிறீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது) அப்படி. சாக்கை நனைத்துப் போட்டுவிட்டு மறுநாள் வரமாட்டார்கள், சாக்கு பகல் பத்து மணிக்கே காய்ந்திருக்கும்.

இத்தாலியில் ஜெனோவா நகரத்து மொறாண்டி பாலம் 1967இல் திறந்தது. அதில் பாலத்தைத் தூக்கிப் பிடிக்கும் இரும்பு வடங்களையே கொங்கிறீட்டுக்குள் மூடிவிட்டார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. உள்ளே கறள் பிடித்ததை வெளியிலிருந்து யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை. 2018 ஓகஸ்டில் விழுந்தது, 43 பேர் இறந்தார்கள்.

கறளே பிடிக்காத இரும்பில் பாலம் கட்டக்கூடாதா?
– வெல்டிங் கடைக்காரர், கல்முனை

கட்டலாம், காசு இருந்தால். பாம்பனில் 1914இல் திறந்த பழைய றெயில் பாலம் கறளோடு போராடியே காலம் தள்ளியது. 1964 புயலில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டு 46 நாளில் திருத்தப்பட்டது. கடைசியில் 2022இல் ஓட்டத்தை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதியதைத் திறந்தார்கள். புதியதில் கொங்கிறீட்டுக்குள் கறள் பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்கள். உங்கள் கடையிலும் அந்தக் கம்பியின் விலை தெரியும். எல்லா இடத்துக்கும் போட முடியாது, தெறிநீர் படும் இடத்துக்கு மட்டும் போட்டாலே பெரிய லாபம்.

ஐயா, எங்கள் ஆற்றில் பாலத்துக்குக் கிட்டவே மணல் அள்ளுகிறார்கள். கேட்டால் "பாலத்துக்கு ஒன்றும் ஆகாது, தூண் ஆழமாக இருக்கு" என்கிறார்கள்.
– விவசாயி, சித்தாண்டி

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

உலகத்தில் பாலம் விழுவதற்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று, தூணடி மண் அரிபட்டுப் போவது. வெள்ளம் தூணில் மோதும்போது, மோதிய தண்ணீரின் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணின் அடியைச் சுற்றிச் சுழன்று, மண்ணைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது அதே குழியில் தளர்ந்த மணல் வந்து நிரம்பிவிடும். மழை விட்டபிறகு போய்ப் பார்க்கிறவருக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தெரியும். அந்த மணலுக்குத் தூணைப் பிடிக்கும் பலம் இல்லை. நான் போனால் ஈயக் குண்டு கட்டிய கயிறு போட்டு அளப்பேன். அதற்கு முன்னால் அங்கே வலை வீசுகிற ஒருவரைக் கேட்பேன். "முந்தி இந்த இடத்தில் கழி தொடும், இப்ப தொடுறதில்ல" என்று அவர் சொன்னால், கருவி எதுவும் இல்லாமல் பாதி அறிக்கை கிடைத்த மாதிரி.

இதற்கு மேல் மணலையும் அள்ளினால் ஆற்றின் தரை முழுவதுமே தாழும். கிண்டிய குழி அதே இடத்தில் நிற்காது, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகர்ந்து வரும். ஆகவே "பாலத்திலிருந்து தள்ளித்தான் அள்ளுகிறோம்" என்பது பதில் இல்லை. போர்த்துக்கலில் டோரோ ஆற்றுக்கு மேலே ஒரு பழைய பாலம் இருந்தது. ஆண்டுக்கணக்காக மணல் அள்ளியதில் ஆற்றின் தரை தாழ்ந்து போயிருந்தது. 2001 மார்ச் 4ஆம் திகதி இரவு, வெள்ளத்தில் ஒரு தூண் சரிந்தது. ஒரு பஸ்ஸும் மூன்று கார்களும் ஆற்றுக்குள் போயின. 59 பேர், ஒருவரும் தப்பவில்லை. அந்தத் தூணும் ஆழமாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உங்களிடம் அப்படிச் சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தத் தரையிலிருந்து ஆழம்? பாலம் கட்டிய வருடத்துத் தரையிலிருந்தா, இன்றைய தரையிலிருந்தா?

மண்டூர் பக்கம் இன்னும் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் வாவியைக் கடக்கிறோம். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்தது மாதிரி பெரிதாக வேண்டாம். மண்ணைக் கொட்டி அணை போட்டு, நடுவில் சின்னப் பாலம் வைத்தால் போதாதா?
– குருமண்வெளி வாசகர்

சிக்கனம்தான், ஆனால் வாவியின் முழு அகலத்தில் போன தண்ணீரைச் சின்ன வாசலால் நெருக்கித் தள்ளினால், அந்த வாசலில் வேகம் கூடும். மேலே சொன்ன அரிப்பு அங்கேதான் வேலையைக் காட்டும். மேற்குக் கரை வயல்களில் வெள்ளம் வடியவும் நாளாகும். மண்முனைப் பாலம் 210 மீற்றர். அந்த நீளம் தண்ணீருக்குக் கொடுத்த இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமிக்கு மீன் பாடுவதைக் கேட்க எல்லோரும் பாலத்தில் ஒரே இடத்தில் கூடினால் பாலம் தாங்குமா? நண்பர்களுக்குள் பந்தயம்.
– மூன்று இளைஞர்கள், மட்டக்களப்பு நகரம்

பந்தயத்தில் யார் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. ஆனால் கேள்வி சின்னதில்லை. தோளோடு தோள் நெருங்கி நிற்கும் கூட்டம், அதே இடத்தை அடைத்து நிற்கும் கார்களைவிடப் பாரம் கூட. சதுர மீற்றருக்கு சுமார் 500 கிலோ என்று கணக்குப் போடுவோம். 1987இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு வாகனங்களை நிறுத்திவிட்டு ஆட்களை விட்டார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். வில் மாதிரி மேலே வளைந்திருந்த நடுப்பகுதி தட்டையாகிப் போனது. பாலம் தாங்கியது, ஏற்பாட்டாளர்களுக்குத்தான் வியர்த்தது. பழைய பாலத்தில் கூட்டமாக ஒரே பக்கக் கைபிடியில் சாய்வதை மட்டும் தவிருங்கள். மீன் பாடுவதைக் கேட்க எப்படியும் தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் விட்டுக் காது வைக்க வேண்டும், பாலத்தில் நின்றால் உங்கள் பேச்சுத்தான் கேட்கும்.

தாம்போதிக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது, டிராக்டர் உயரம்தானே, போகலாம் என்கிறார்கள். பிள்ளைகளை அப்படி அனுப்பலாமா?
– ஒரு தாய், நிந்தவூர்

அனுப்ப வேண்டாம் தங்கச்சி. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய டிராக்டர் வெள்ளத்தில் அடிபட்டுப் போனதை நாமெல்லாம் பார்த்தோம். தாம்போதி என்பதே வெள்ளம் மேலால் போகட்டும் என்று தாழ்த்திக் கட்டிய வீதி. ஓடும் தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கென்றால் தள்ளுவது நான்கு மடங்கு. ஒரு அடித் தண்ணீர் சின்னக் காரை மிதக்கப் பண்ணும், இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களை நகர்த்தும். டிராக்டரின் பெரிய டயருக்குள் இருப்பதும் காற்றுத்தான், பெட்டியோ டிராக்டரைவிட இலேசு. அதைவிட மோசம், கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதியோரம் அரித்துப் போயிருக்கிறதா என்று சாரதிக்குத் தெரியாது. இரு பக்கமும் வெள்ளை பூசிய கட்டைகளும் ஆழம் காட்டும் அளவுகோலும் இல்லாத தாம்போதியைத் தாம்போதி என்று ஒப்புக்கொள்ளவே கூடாது.

பாலத்தில் ஏதாவது பழுது கண்டால் யாரிடம் சொல்வது?
– பலர்

'ஏ', 'பி' இலக்க வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கல்லடி ஏ4இல் இருக்கிறது, ஓட்டமாவடி ஏ15இல். 'சி', 'டி' என்றால் மாகாண சபையின் வீதித் திணைக்களம். ஊர் வீதி என்றால் பிரதேச சபை. தண்டவாளம் போனால் றெயில்வே. தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போகும், எழுதுங்கள். கிட்டிய கிலோமீற்றர்க் கல்லின் இலக்கம், எந்தக் கரையிலிருந்து எத்தனையாவது தூண், வாவிப் பக்கமா கடல் பக்கமா என்று குறியுங்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தியை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். அடுத்த மாரிக்குப் பிறகு அதே இடத்தில், அதே குத்தியோடு இன்னொரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவுத் தபாலில், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.